எலி வளர்க்கும் ஆறு தொட்டி அடுக்கு: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் வசிக்கும் நான் ஒன்பது பால் பைத்தான்களை வளர்த்து வருகிறேன். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தச் சிறிய மலைப்பாம்பு, அஞ்சும்போது பந்துபோல் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்வதால் அந்தப் பெயரைப் பெற்றது; பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. புற்றுக்குப் பால் வார்த்துப் பழகிய என் தாயார் பெயரைக் கேட்டவுடன் மகிழ்ந்ததும், உண்மையான உணவு எதுவென்று தெரிந்தபின் அந்த அறைப் பக்கமே வராமல் போனதும் வேறு கதை. என் பாம்புகள் ஒவ்வொன்றுக்கும் பத்து நாளுக்கு ஒருமுறை 70 முதல் 100 கிராம் எடையுள்ள எலி ஒன்றைக் கொடுக்கிறேன். ஆறு ஆண்டுகளாகப் பெரும்பாலும் உறைந்த எலிகளையே மொத்தமாக வரவழைத்து வந்த நான், சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில், வீட்டிலேயே எலி வளர்ப்பதற்கென்று விற்கப்படும் ஆறு தொட்டி அடுக்கு ஒன்றை 520 டாலருக்கு வாங்கினேன். குறைகள் சிலவற்றையும் சொல்லவிருப்பதால், தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஏறக்குறைய இதே அமைப்பில் பலரும் செய்து விற்கிறார்கள் என்பதால், இங்கே எழுதுவது அந்த வகை முழுவதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவின் பாம்புகளை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போரும் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே இது நான் வாழும் இடத்தின் சட்டத்துக்கு உட்பட்டு எழுதப்பட்ட அனுபவம் என்று கொள்க.

அடுக்கின் அமைப்பு எளிது. இரும்புச் சட்டத்தில் மூன்று நிலைகள். நிலைக்கு இரண்டாக ஆறு தடித்த பிளாஸ்டிக் தொட்டிகள். தொட்டிகளுக்குத் தனி மூடி கிடையாது. மேசை இழுப்பறைபோல உள்ளே தள்ளினால், மேலே உள்ள இரும்புவலையே மூடியாகிவிடும். அந்த வலை ஓரிடத்தில் கீழ்நோக்கிக் குழிந்து தீவனக்கூடையாகிறது. பின்பக்கமாக ஓடும் மெல்லிய குழாயிலிருந்து தொட்டிக்கு ஒன்றாக நிப்பிள் நீட்டிக்கொண்டிருக்கும். அடுக்கின் தலையில் வைத்த ஐந்து காலன் வாளியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும். எலி நாக்கால் நிப்பிளின் ஊசியைத் தள்ளினால் சொட்டு விழும், விட்டால் நின்றுவிடும். பிரித்து அனுப்பப்படும் பாகங்களைப் பொருத்த எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. வாளிக்கும் குழாய்க்கும் இடையிலான இணைப்பான் பெட்டியில் இல்லை. கேட்டவுடன், நான்கு நாளில், கட்டணமின்றி அனுப்பிவைத்தார்கள். சேவையைப் பற்றி எனக்கு வேறு புகார் இல்லை.

தீவனக்கூடைதான் இந்த அடுக்கின் மிகச் சிறந்த பகுதி என்பேன். வளர்ந்த எலி நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் தின்னும். பாலூட்டும் பெண் எலி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தின்னும். தட்டில் வைத்தால் தின்பதைவிட வீணாக்குவதே அதிகம், மேலும் தீவனத்தின் மீதே சிறுநீர் கழித்துவிடும். வலையின் கீழிருந்து கடித்து இழுத்துத் தின்னும் இந்த ஏற்பாட்டில் வீணாவது மிகக் குறைவு. கூடை ஒன்றில் ஒன்றரைக் கிலோ கட்டித் தீவனம் கொள்கிறது. நான்கு நாள் வெளியூர் சென்று திரும்பியபோதும் கூடை காலியாகவில்லை. கடித்துத் தின்ன வேண்டிய கெட்டியான கட்டிகள் என்பதால், ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களும் தேய்கின்றன. நாய்த் தீவனத்தைக் கொட்டி வளர்ப்போர் உண்டு. செலவு குறையும் என்பது உண்மையே. ஆனால் குட்டி போடும் எலிக்கென்று தயாரித்த தீவனத்துக்கு மாறியபின் என் எலிகளின் ஈற்றிலும் குட்டிகளின் எடையிலும் நான் கண்ட வேறுபாடு அந்தச் சிக்கனத்தை மறக்கச் செய்தது.

தண்ணீர் ஏற்பாடு அதற்கு நேர்மாறானது. நிப்பிள் தொட்டியின் அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்திலேயே துருத்திக்கொண்டிருக்கிறது. பெண் எலி கூடு கட்டும்போது, தொட்டியில் பரப்பியிருக்கும் மரச்சீவலை ஒரு மூலையில் குவிக்கும். அந்த மூலை நிப்பிள் இருக்கும் மூலையாக அமைந்துவிட்டால், குவிந்த சீவல் ஊசியை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க, வாளித் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் இறங்கிவிடும். சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் காலை, முந்திய மாலை ஈன்ற பதினோரு குட்டிகள் தண்ணீரில் நனைந்து குளிர்ந்து இறந்து கிடந்ததையும், தாய் எலி தொட்டியின் மறு ஓரத்தில் வலையைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்ததையும் கண்டேன். பாம்புக்கு இரையாக வளர்க்கும் உயிர்தானே என்று அதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள இயலவில்லை. இரையாக வளர்ப்பதனாலேயே அது வாழும் நாளில் குறை வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். நிறுவனத்துக்கு எழுதியபோது, சீவலைக் குறைவாகப் போடுமாறு அறிவுரை வந்தது. அந்த அறிவுரை பயன்படாது. சினை எலிக்குக் கூடு கட்டப் பொருள் வேண்டும். பிறகு நானே தொட்டிகளில் நான்கரை அங்குல உயரத்தில் புதிய துளையிட்டு நிப்பிள்களை உயர்த்தி, பால் மறக்கும் நிலையிலுள்ள குட்டிகள் எட்டிக் குடிப்பதற்கு அடியில் ஒரு தட்டையான கல்லை வைத்தேன். அதன்பின் வெள்ளம் வரவில்லை. அடைப்பு மட்டும் இரண்டு முறை வந்தது. நிப்பிள் அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், தினமும் காலையில் ஆறு நிப்பிள்களையும் விரலால் தட்டிச் சொட்டு விழுகிறதா என்று பார்க்கிறேன். தண்ணீர் இல்லாத எலி தீவனத்தையும் நிறுத்திவிடும்.

அடுக்கை எங்கே வைப்பது என்பதை விளம்பரம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது: காராஜ், அதாவது வீட்டை ஒட்டிய கார் நிறுத்துமிடம். டல்லாஸில் அது ஏப்ரல் வரைக்கும் சரி. எலிக்கு உகந்தது 20 முதல் 24 டிகிரி செல்சியஸ். 30ஐத் தாண்டினால் அது தவிக்கத் தொடங்கும். வியர்வை இல்லாத அந்த உயிர் வால் வழியாகவும், உமிழ்நீரை உடலெங்கும் பூசிக்கொண்டும் வெப்பத்தைத் தணிக்க முயல்கிறது. மே மாத இறுதியில் என் காராஜில் வெப்பமானி 34 காட்டிய நாளில், ஆண் எலி ஒன்று மார்பெல்லாம் நனைந்து நீட்டிப் படுத்திருந்தது. அன்றே அடுக்கை வீட்டுக்குள், குளிரூட்டப்படும் சிறிய அறைக்கு மாற்றினேன். கடும் வெப்பம் ஆண் எலியின் இனவிருத்தித் திறனைச் சில வாரங்களுக்குக் கெடுத்துவிடும். ஜூலை மாதம் முழுவதும் எனக்கு ஓர் ஈற்றும் இல்லாமல் போனதற்குக் காரணம் அதுவே என்று நினைக்கிறேன். குளிர்காலத்தில் சிக்கல் வேறு விதமாக வரும்: அறைக் காற்று வறண்டு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால், குட்டிகளின் வாலில் வளையம் வளையமாகச் சுருங்கி, நுனி அழுகி விழும் நோய் வரக்கூடும். ஈரப்பதமாக்கி ஒன்று வாங்கியதும் இந்தக் கணக்கில் சேர வேண்டிய செலவே.

வீட்டுக்குள் வந்ததும் நாற்றம் பெரிய பேச்சாகிவிட்டது. தொட்டியின் அடிப்பாகம் முழுமையாக மூடியது. சிறுநீரிலிருந்து எழும் அமோனியா கீழேயே தங்கும். மனித மூக்குக்கு எட்டும் அளவுக்கு அமோனியா சேர்ந்துவிட்டது என்றால், சீவலோடு மூக்கை வைத்து வாழும் எலியின் நுரையீரல் ஏற்கெனவே புண்பட்டிருக்கும். எலிகளில் பரவலாகக் காணப்படும் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர், அந்த நேரத்தில்தான் தலைதூக்கி மூச்சிரைப்பையும் தும்மலையும் கொண்டுவரும். கண்ணோரத்திலும் மூக்கோரத்திலும் ரத்தம்போல் சிவப்பாகக் கசிந்தால் பதற வேண்டாம்; அது போர்ஃபிரின் என்னும் நிறமி, ஆனால் எலி ஏதோ துன்பத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். நான்கு நாளுக்கு ஒருமுறை சீவலை முழுமையாக மாற்றுகிறேன். வளரும் குட்டிகள் நிறைந்த தொட்டிக்கு அதுவும் போதாது, மூன்றாம் நாளே மாற்ற வேண்டும். ஆஸ்பென் மரச்சீவல் நல்லது. சூளையில் உலர்த்திய பைன் சீவலும் ஏற்கத்தக்கது. மணம் வீசும் சீடார் சீவல் நாற்றத்தை மறைக்கும் என்று வாங்கிவிடக் கூடாது. அந்த மணத்தைத் தரும் பொருள்களே எலியின் மூச்சுக்குழாயையும் கல்லீரலையும் தாக்குபவை. இழுப்பறை அமைப்பின் நன்மை இங்கே தெரிகிறது: தொட்டியை உருவி, எலிகளை மாற்றுத் தொட்டிக்கு விட்டு, கொட்டிக் கழுவித் திருப்பிச் செருக, தொட்டிக்கு ஆறு நிமிடம். உருவும்போது எலி வெளியே தாவாமல் இருக்க, மேலே ஒரு கையை நீட்டிக்கொண்டே இழுக்கப் பழக வேண்டும்.

கடித்துத் தப்பும் விஷயத்தில் அடுக்கு ஓரளவு தேறியது. தொட்டியின் விளிம்பு வலையோடு ஒட்டி அமர்வதால் பல்லுக்கு விளிம்பு அகப்படுவதில்லை. ஆனால் நடு நிலையின் வலது தொட்டியில் மட்டும் சட்டம் லேசாக வளைந்து, ஒரு விரல் புகும் இடைவெளி இருந்தது. மூன்று வாரக் குட்டிகள் ஒன்பதும் ஒரே இரவில் அதன் வழியாக வெளியேறித் துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் குடியேறின. கடைசிக் குட்டியைப் பிடிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. காவிரிப் படுகையில் என் தாத்தா வயலில் கிட்டி வைத்து எலி பிடிப்பவருக்கு எலிக் கணக்கில் கூலி கொடுத்தவர். அவருடைய பேரன் எலிக்குத் தீனி வாங்கிப் போட்டு, தப்பிய எலியைப் பிடிக்கக் கூண்டும் வாங்குகிறான் என்று அந்தப் பன்னிரண்டு நாளும் நினைத்துக்கொண்டேன்.

இனி உற்பத்தி. எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள். ஓர் ஈற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள். ஈன்ற ஒரே நாளுக்குள் பெண் எலி மீண்டும் சினைப்படக்கூடியது. ஐந்து வாரத்தில் குட்டிகளே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுவதால், அதற்குள் ஆணையும் பெண்ணையும் பிரித்தாக வேண்டும். என் ஏற்பாட்டில் இரண்டு தொட்டிகளில் ஓர் ஆணும் மூன்று பெண்ணுமாக இனப்பெருக்கக் குழுக்கள். வயிறு நன்றாகத் தெரிந்ததும் சினை எலியை அடுத்த இரண்டு தொட்டிகளில் ஒன்றுக்கு மாற்றிவிடுகிறேன். மீதி இரண்டில் வளரும் ஆண் குட்டிகளும் பெண் குட்டிகளும் தனித்தனியே. ஆணோடு விட்டுவைத்தால் ஈற்றுகள் இன்னும் நெருக்கமாக வரும். ஆனால் பாலூட்டிக்கொண்டே அடுத்ததைச் சுமக்கும் எலி விரைவில் எலும்பும் தோலுமாகிவிடும். பிரித்து ஓய்வு கொடுத்தே ஒரு பெண் எலி ஆண்டுக்கு ஐந்து முறை ஈன்றது. ஆறு பெண் எலிகளிடமிருந்து பன்னிரண்டு மாதத்தில் 280 எலிகள் கிடைத்தன. பாம்புகள் உண்ணாத நாள்களைக் கழித்துப் பார்த்தால் என் தேவையும் ஏறக்குறைய அவ்வளவே.

ஏறக்குறைய என்ற சொல்லில்தான் இந்தத் தொழிலின் தொல்லை முழுவதும் இருக்கிறது. பால் மறக்கும் 21ஆம் நாளில் 40 முதல் 50 கிராம் இருக்கும் குட்டி, எட்டாவது வாரத்தில் ஆணாக இருந்தால் 200 கிராமைத் தாண்டிவிடும். என் பாம்புகளுக்கு ஏற்ற எடையில் அது இருப்பது இடையிலுள்ள ஒன்றிரண்டு வாரம் மட்டுமே. பால் பைத்தானோ நோன்புக்குப் பெயர்போன பாம்பு. குளிர்ந்த மாதங்களில் இரண்டு மூன்று மாதம் எதையும் தொடாமல் நலமாக இருக்கும். நவம்பரில் என் ஒன்பது பாம்புகளில் ஆறு வாயை மூடிக்கொண்டன. எலிகள் மூடிக்கொள்ளவில்லை. வாரத்துக்கு ஐந்தாறு எலிகள் எடை கடந்து போய்க்கொண்டிருந்தன. ஆகவே ஏற்ற எடை வந்ததும் அவற்றைக் கொன்று உறையவைத்துச் சேமிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கொரு தனி உறைபெட்டி வாங்கினேன். உறைந்த எலி வாங்குவதைத் தவிர்ப்பதற்காகத் தொடங்கிய முயற்சி, உறைந்த எலியை நானே தயாரிப்பதில் வந்து நின்றது. எந்த விளம்பரமும் இதைச் சொல்வதில்லை, இந்த அடுக்கின் விளம்பரம் உட்பட.

கொல்வதைப் பற்றி எழுதத் தயக்கம் உண்டு, ஆனால் எழுதாவிட்டால் மதிப்பீடு பொய்யாகிவிடும். உயிருள்ள எலியைப் பாம்பின் கூண்டில் விடுவதில்லை. பசியற்ற பாம்பின் முதுகையும் கண்ணையும் எலி கடித்துக் குதறிவிடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, சிலிண்டரிலிருந்து வரும் கரியமில வாயுவை நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 விழுக்காடு என்ற அளவில் மெல்லச் செலுத்த வேண்டும்; அதற்கு வாயு ஓடும் வேகத்தைக் காட்டும் ஓட்ட அளவி கட்டாயம். எடுத்த எடுப்பில் வாயு நிறைந்த பெட்டிக்குள் எலியைப் போடுவதும், உலர்பனிக்கட்டியைப் பயன்படுத்துவதும் கூடாது. புதிதாகப் பிறந்த குட்டிகள் அந்த வாயுவைத் தாங்கி வெகுநேரம் உயிரோடிருக்கும் என்பதால், மயிர் முளைக்காத குட்டிகளை இரையாக்கும் பழக்கத்தையே நான் கைவிட்டேன். அடுக்கோடு ஒரு சிறிய கையேடு வருகிறது. பன்னிரண்டு பக்கங்களில் இந்தப் பொருள் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதை நான் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

நோய் பற்றியும் அந்தக் கையேடு மௌனமே. 2017ஆம் ஆண்டு, வீட்டில் எலி வளர்ப்போர் வழியாக, எலியிலிருந்து மனிதருக்குத் தொற்றும் சியோல் வைரஸ் பரவி, அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் 17 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த எலிகள் பார்வைக்கு நலமாகவே இருந்தன. இவற்றோடு எலிக்கடிக் காய்ச்சலும், வயிற்றுப்போக்கைத் தரும் சால்மொனெல்லாக் கிருமியும் உண்டு. என் முதல் எட்டு எலிகளையும் ஒரே வளர்ப்பாளரிடம் வாங்கினேன். அதன்பின் வெளியெலி எதையும் சேர்க்கவில்லை. கையுறையும், கழுவும் தொட்டியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமையும் எங்கள் வீட்டில் சட்டம்.

செலவைப் பார்ப்போம். ஐம்பது பவுண்டுத் தீவன மூட்டை 46 டாலர் வீதம் ஆண்டுக்கு ஏழு மூட்டை, 322 டாலர், மரச்சீவல் 150, வாயு நிரப்ப 40, ஆக 512 டாலர். அதே 280 எலிகளை உறைந்தவையாக, அனுப்பும் செலவும் சேர்த்து ஒன்று 2 டாலர் 40 சென்ட் வீதம் வாங்கியிருந்தால் 672 டாலர் ஆகியிருக்கும். மிச்சம் 160 டாலர். அடுக்கின் விலையை மட்டும் மீட்க மூன்றேகால் ஆண்டு வேண்டும். உறைபெட்டி, ஈரப்பதமாக்கி, ஓட்ட அளவி, குளிரூட்டும் மின்சாரம் ஆகியவற்றையும், தினம் இருபது நிமிட உழைப்பையும் நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் என் மனைவி இந்தக் கட்டுரையை வேறு விதமாக முடித்திருப்பார்.

அப்படியிருந்தும் நான் அதை விற்கவில்லை. உறைந்து உருகிய எலியை எக்காலத்திலும் ஏற்காத பாம்புகள் இரண்டு என்னிடம் உள்ளன. அப்போதே கொன்ற, உடற்சூடு ஆறாத எலியை இடுக்கியில் நீட்டினால் மட்டும் அவை பற்றுகின்றன. அந்த இரண்டுக்காகவே அடுக்கு இருக்கிறது. இருபதுக்கு மேற்பட்ட பாம்புகளை வளர்ப்பவருக்கு, வெவ்வேறு வயதுப் பாம்புகள் இருப்பதால் எந்த எடை எலியும் வீணாகாது. அவருக்கு இதே அடுக்கு நல்ல முதலீடு. நான்கைந்து பாம்புகள் வைத்திருப்பவர் உறைந்த எலியையே வாங்கட்டும். என் நிலை இடைப்பட்டது. பிப்ரவரியிலிருந்து இனப்பெருக்கக் குழு ஒன்றை நிறுத்திவிட்டு, மூன்று பெண் எலிகளோடு மட்டும் நடத்துகிறேன். குறைவதை வெளியே வாங்கிக்கொள்கிறேன்.

பழைய அடுக்குகள் பாதி விலைக்கு அடிக்கடி கிடைக்கின்றன. வாங்கச் செல்பவர்கள் ஒரு அளவுகோலை எடுத்துச் சென்று, தொட்டியின் அடிக்கும் நிப்பிள் துளைக்கும் இடையிலான உயரத்தை முதலில் அளக்கவும்; நான்கு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால், புதுத் துளையிடும் வேலைக்காக நாற்பது டாலராவது குறைத்துக் கேட்கலாம். பிறகு ஒவ்வொரு தொட்டியையும் உள்ளே தள்ளி, வலைக்கும் விளிம்புக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறதா என்று சுற்றிலும் பார்க்கவும்.